சுவரில் ஊர்ந்த கோடுகள்

சுவருக்குள் ஈரம் எங்கே இறங்குகிறது என்று பார்க்க ஒரு சின்ன வெப்பக் கேமராவை எடுத்தேன். 160×120 புள்ளிகள், ஒவ்வொன்றும் வெப்பம் பட்டால் மின்தடை மாறும் வனேடியம் ஆக்சைடு மைக்ரோபோலோமீட்டர். ஈரம் தெரியவில்லை, நெடுக்காகச் சில கோடுகள்தான் தெரிந்தன. அவை மெதுவாக மாறிக்கொண்டு வேறு இருந்தன.

வழக்கமான வைத்தியமாக 64 பிரேம்களுக்குச் சராசரி எடுத்தேன். குருணை போன்ற இரைச்சல் கிட்டத்தட்ட எட்டில் ஒன்றானது. கோடுகள் மட்டும் மசியவில்லை. 500 பிரேம் எடுத்தால் இன்னும் மோசம்! அப்போதுதான் உறைத்தது: இது ஃபிளிக்கர் நாய்ஸ். அதிர்வெண் குறையக் குறைய, அதாவது மாற்றம் மெதுவாக ஆக ஆக, இதன் வலு கூடும். காத்திருந்தால் அதுவும் கூடவே வளரும்.

சரி என்று கேமராவின் ஷட்டரை, அதாவது சென்சாரை மறைக்கும் சீரான வெப்பமுள்ள தகட்டை, என் நிரலிலிருந்தே இயக்கினேன். 8 பிரேம் சுவர், 8 பிரேம் மூடிய ஷட்டர், கழித்தல், மறுபடி அதே. மாற்றி எடுக்கும் வேகம் அந்த மெதுவான நகர்வை முந்திவிட, கோடுகள் கழிந்துபோயின. பாதி நேரம் ஷட்டருக்கே போகிறது, குருணையும் 1.4 மடங்கு ஏறுகிறது. பரவாயில்லை, அதைச் சராசரி பார்த்துக்கொள்ளும்.

மிச்சமிருந்த மங்கல் கோடுகள் கேமராவுக்கு வரும் மின்சாரத்தின் இரைச்சலால் வந்தவை. சார்ஜரைக் கழற்றி, மின்னழுத்தத்தைச் சீராக வைக்கும், இரைச்சல் குறைந்த ரெகுலேட்டர் வைத்ததும் அவையும் போயின. ஈரம் ஜன்னலுக்குக் கீழே, ஒரு சாண் அகலத்தில் இருந்தது.