முட்டி வலிக்குத் தொடையைப் பழக்குங்கள்

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஆயுசெல்லாம் பால்மரம் (ரப்பர் மரம்) சீவிய பாட்டிக்கு முட்டித் தேய்மானம் என்றால், வீட்டில் முதலில் சொல்வது, "நடக்காதீங்க, உட்காருங்க." அங்கேதான் பிழை. உட்கார உட்கார முன்தொடைத் தசை இளைக்கும். அது தாங்கிய பாரமும் தேய்ந்த மூட்டின் மேலேயே இறங்கும். தேய்ந்த குருத்தெலும்பு பழையபடி வளராது, தசையோ 70 வயதிலும் வலுக்கும்.

சூடு. சுடுநீர்ப் பையைத் துண்டில் சுற்றி 15 நிமிடம் வையுங்கள். தைலம் தேய்த்த முட்டியில் வேண்டாம், தோல் வெந்துவிடும். இனிப்புநீரால் (நீரிழிவால்) கால் மரத்தவர்கள் இதை விட்டுவிடலாம். இது வலியை மட்டும் தணிக்கும், வைத்தியம் இனிமேல்தான்.

துண்டை அழுத்துவது. கட்டிலில் காலை நீட்டி, முட்டிக்கு அடியில் சுருட்டிய துண்டை வையுங்கள். முட்டியால் அதைக் கீழே அழுத்தி, 5 எண்ணி விடுங்கள். 10 தடவை, காலையும் மாலையும். தொடைமேல் கை வைத்தால் தசை கெட்டியாவது தெரியவேண்டும்.

காலைத் தூக்குவது. மல்லாந்து படுத்து ஒரு காலை மடக்குங்கள். மற்றதை நேராக ஒரு அடி உயரம் தூக்கி, 5 எண்ணி மெதுவாக இறக்குங்கள். 10 தடவை. மூச்சை அடக்காதீர்கள், ரத்த அழுத்தம் ஏறும்.

உட்கார்ந்து எழுவது. மூன்றிலும் பலன் அதிகம் இதில்தான், தப்பு நடப்பதும் இதில்தான். பிளாஸ்டிக் நாற்காலி வழுக்கும். கைப்பிடி உள்ள மர நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். நுனிக்கு நகர்ந்து, பாதத்தைச் சற்றே பின்னிழுத்து, மூக்கு கால்விரலுக்கு நேராக வரும்வரை குனிந்து எழுங்கள். முட்டி உள்பக்கம் சாயக்கூடாது. உட்காரும்போது 3 எண்ணுங்கள். தொப்பென்று விழுந்தால் பயிற்சி வீண். 5 தடவையில் தொடங்கி 10 ஆக்குங்கள். முடியாவிட்டால் தலையணை போட்டு இருக்கையை உயர்த்துங்கள்.

செய்யும்போது கொஞ்சம் வலிக்கும். மறுநாளும் அதே அளவு வலித்தால் எண்ணிக்கையைப் பாதியாக்குங்கள், நிறுத்தவேண்டாம். தெம்பு தெரிய 6 முதல் 8 வாரமாகும். பத்தாம் நாளே கைவிட்டுவிடாதீர்கள்.

இரவில் முட்டிக்கடியில் தலையணை வைத்துத் தூங்குவது சுகம்தான். ஆனால் நாளடைவில் கால் முழுசாக நீட்ட வராது. கைத்தடியை வலி இல்லாத பக்கக் கையில் பிடியுங்கள். படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வலிக்கும் கால் முதலில். குந்தும் கழிவறையாக இருந்தால் மேலே நாற்காலிக் கழிப்பிடம் போட்டுக்கொடுங்கள்.

முட்டி திடீரென வீங்கிச் சிவந்து காய்ச்சலும் வந்தாலோ, கெண்டைக்கால் ஒரு பக்கம் மட்டும் வீங்கி வலித்தாலோ, பயிற்சியை நிறுத்தி அன்றே கிளினிக் போங்கள்.