இரண்டு டிஹெச்சிபி சர்வர் வைப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

டிஹெச்சிபி என்பது வலையமைப்பில் சேரும் கணினிகளுக்குத் தானாக ஐபி முகவரி தரும் சேவை. ஒரே முகவரி ரேஞ்சை இரண்டு சர்வரிலும் போட்டு, அவை ஒன்றோடொன்று பேசாமல் விடுவது தவறு என்பது எல்லோருக்கும் தெரியும். ஃபெயிலோவரை (ஒன்று நின்றால் மற்றது வேலையைத் தொடரும் ஏற்பாடு) ஒழுங்காக அமைத்த பிறகும் புதியவர்கள் மாட்டிக்கொள்ளும் இடங்கள் வேறு.

அவசரப்பட்டு 'பார்ட்னர் டவுன்' கொடுப்பது

இதைப் பார்த்தால் இன்றும் எனக்கு எரிச்சல் வருகிறது. இரண்டு சர்வருக்கும் இடையே பேச்சு நின்றுபோனால், மற்ற சர்வர் விழுந்துவிட்டதா, நடுவில் இணைப்பு மட்டும் போனதா என்று எந்த சர்வராலும் கண்டுபிடிக்க முடியாது. அதனால் அடக்கி வாசிக்கும்: புதிதாக வருபவர்களுக்குத் தன் பங்கிலிருந்து மட்டும் முகவரி தரும், பழைய லீஸையும் (முகவரியை வைத்திருக்கும் காலம்) எம்சிஎல்டி அளவுக்கு (மற்ற சர்வருக்குத் தெரியாமல் நீட்டக்கூடிய அதிகபட்ச நேரம்) மேல் நீட்டாது. விண்டோஸ் சர்வரில் அது இயல்பாக 1 மணி நேரம். 'பார்ட்னர் டவுன்' கொடுத்தால், மற்றது நிச்சயம் விழுந்துவிட்டது என்று நாமே உறுதி சொல்கிறோம். எம்சிஎல்டி முடிந்ததும் மொத்த பூலையும் (தரக்கூடிய முகவரிகள் அனைத்தையும்) இது எடுத்துக்கொள்ளும்.

ஓர் அலுவலகத்தில் ஃபயர்வால் விதியை மாற்றியபோது சர்வர்கள் பேசிக்கொள்ளும் டிசிபி 647 போர்ட் அடைபட்டது. இரண்டு சர்வரும் நன்றாகவே ஓடின. கன்சோலில் சிவப்பைப் பார்த்த பையன் உடனே 'பார்ட்னர் டவுன்' கொடுத்துவிட்டான். முதல் ஒரு மணி நேரம் எல்லாம் சரியாக இருந்தது, அதுதான் ஆபத்து. பிறகு ஒவ்வொரு கணினியாக இணைப்பு விட்டுவிட்டு வந்தது. கேட்வேயின் ஏஆர்பி பட்டியலில் (எந்த ஐபி எந்தக் கருவியிடம் என்ற குறிப்பு) ஒரே ஐபிக்கு ஒவ்வொரு முறை பார்க்கும்போதும் வேறு மேக் முகவரி, அதாவது வேறு கருவி. லீஸ் பட்டியலில், மோதும் முகவரிகளைக் காட்டும் 'பேட் அட்ரஸ்' வரிசையாக நின்றது.

அந்தப் பட்டனைத் தொடும் முன் மற்ற சர்வரின் திரைக்கே போய், அது உண்மையில் நின்றுவிட்டதா என்று பாருங்கள். அவசரமே இல்லை. லீஸ் 8 நாள் என்றால் கிளையன்ட் முதலில் கேட்பது 4ஆம் நாள். பதில் வராவிட்டால் 7ஆம் நாள்தான் எந்த சர்வரிடமும் கேட்கும். குறுகிய லீஸ் உள்ள வைஃபையில் பூல் தீர்ந்துபோகும் நிலை வேறு. ஒன்று வேலை செய்ய மற்றது காத்திருக்கும் ஹாட் ஸ்டாண்ட்பையில் விண்டோஸ் இயல்பாக 5% முகவரியைத்தான் துணை சர்வருக்கு ஒதுக்குகிறது. அங்கே சீக்கிரம் முடிவெடுக்க வேண்டும், ஆனால் நேரில் பார்த்துவிட்டு. தானாக 'பார்ட்னர் டவுன்' நிலைக்கு மாறும் வசதி இயல்பாக அணைந்தே இருக்கும். அப்படியே விடுங்கள்.

செட்டிங்கும் தானாகப் போகும் என்று நம்புவது

லீஸ் மட்டும்தான் தானாகப் போகும். விண்டோஸில் பிரிண்டருக்கு ஒரு பக்கம் ரிசர்வேஷன் (நிலையான முகவரி ஒதுக்கீடு) போட்டு மற்ற சர்வருக்கு ரெப்ளிகேட் செய்ய மறந்தால், மற்ற சர்வர் பதில் சொல்லும் நாளில் அது வேறு முகவரியில் போய் உட்காரும். ஐஎஸ்சி நிறுவனத்தின் புதிய டிஹெச்சிபி மென்பொருளான கியாவில் கான்ஃபிக் கோப்பை நீங்களேதான் இரண்டு பக்கமும் வைக்க வேண்டும்.

ரிலேயில் ஒரு சர்வர் மட்டும்

ரிலே என்பது கணினிகளின் கோரிக்கையை வேறு வலையமைப்பில் உள்ள டிஹெச்சிபி சர்வருக்கு அனுப்புவது. ஒவ்வொரு விலானிலும் (தனியாகப் பிரித்த வலையமைப்பு) அதில் இரண்டு சர்வரையும் போடுங்கள்.

கடிகாரம்

என்டிபி (நேரத்தைத் தானாகச் சரிசெய்யும் முறை) கட்டாயம். நேர வித்தியாசம் 60 வினாடியைத் தாண்டினால் கியா தன் ஹெச்ஏவையே (இரண்டு சர்வரையும் ஜோடியாக இயக்கும் வசதி) நிறுத்திவிடும்.

பழைய ஐஎஸ்சி டிஹெச்சிபியில் புதிதாகத் தொடங்குவது

அதன் பராமரிப்பு 2022ல் முடிந்துவிட்டது. கியாவில் தொடங்குங்கள். பழையதன் ஃபெயிலோவரும் கியாவின் ஹெச்ஏவும் ஒன்றோடொன்று பேசாது. ஒரு சர்வரை மட்டும் மாற்றி ஜோடி சேர்க்க முடியாது.