பழைய கார்புரேட்டர் வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்: கிட்டில் வராததைப் பாருங்கள்

பளபளவென்று தேய்த்து வைத்த ஒரு ஹோலி கார்புரேட்டரும், தூசியும் பெட்ரோல் பிசினும் படிந்த இன்னொரு ஹோலியும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால், கை தானாகப் பளபளப்பின் பக்கம்தான் போகும். முதல் தவறு அதுதான். அழுக்கு, காய்ந்த கேஸ்கெட், கிழிந்த டயஃப்ரம், தேய்ந்த ஃப்ளோட் ஊசி எல்லாவற்றுக்கும் ரீபில்ட் கிட்டில் மாற்று உண்டு, அல்லது கழுவினால் போய்விடும். த்ராட்டில் ஷாஃப்ட் (பெடலோடு சேர்ந்து திரும்பும் தண்டு) ஓடும் துளை, கோணிப்போன பாடி, அரித்த உலோகம், யாரோ டிரில் வைத்துப் பெரிதாக்கிய பெட்ரோல் வழிகள், தொலைந்துபோன லீவர்கள், இவை எந்தக் கிட்டிலும் வராது. பழைய கார்புரேட்டரைப் பரிசோதிப்பது என்றால் இவற்றைப் பரிசோதிப்பதுதான்.

பளபளப்பைப் பற்றி இன்னொன்று. கண்ணாடி மணி பீய்ச்சிச் சுத்தம் செய்த பாடியில், அந்த மணிகள் ஐட்லிங் வழிகளுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். எத்தனை முறை கழுவினாலும் ஒன்றிரண்டு பிறகு வெளியே வந்து ஜெட்டை அடைக்கும். மங்கிய பொன்னிறப் பூச்சு அப்படியே இருக்கும் அழுக்கு ஹோலி எவ்வளவோ மேல்.

எண்ணைப் படிக்காமல் வாங்குவது

“ஹோலி நாலு பேரல்” (காற்று போகும் குழாய் நாலு உள்ளது) என்று சொன்னால் போதாது. சோக் கூண்டின் முன்பக்கம் அச்சடித்த லிஸ்ட் எண் இருக்கும். 1850 என்றால் 600 சிஎஃப்எம் (நிமிடத்துக்கு இத்தனை கன அடி காற்று), வேக்கும் செகண்டரி, அதாவது பின்பக்க இரண்டு பேரல்களை வேக்குமே திறக்கும். 3310 என்றால் 750 வகுப்பு, அதுவும் வேக்கும் செகண்டரி. 4779 என்றால் 750 டபுள் பம்பர் (ஆக்ஸிலரேட்டர் பம்ப் இரண்டு), மெக்கானிக்கல் செகண்டரி, அதாவது லீவரே திறக்கும். தூரத்தில் எடுத்த படத்தில் மூன்றும் ஒன்றுபோலத்தான் தெரியும். 4150 வகையில் இரண்டு பக்கமும் மீட்டரிங் பிளாக் (ஜெட்டுகளைத் தாங்கும் கட்டை) உண்டு. 4160 வகையில் பின்பக்கம் துளையிட்ட ஒரு மெல்லிய தகடு மட்டும்தான். அங்கே ஜெட் கழற்றி மாற்ற முடியாது. எண் பாடியில்தான் இருக்கிறது, பிளாக்குகளை யாரும் மாற்றியிருக்கலாம் என்பதால் பிளாக்கில் அடித்த எண்ணையும் கேட்டு வாங்குங்கள்.

ரோசெஸ்டர் குவாட்ராஜெட்டில் எண் டிரைவர் பக்கம், பாடியின் பின்மூலையில் செங்குத்தாக இருக்கும். மூடியில் முன்பக்கம் மின்சார பிளக் இருந்தால் அது கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டு வகை. அதற்குரிய கம்ப்யூட்டர் இல்லாத பழைய எஞ்சினில் அது சரியாக ஓடாது. வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு இதைக் கவனிப்பவர்கள்தான் அதிகம்.

வெபர் டிசிஓஇ (பக்கவாட்டில் மாட்டும் இரண்டு பேரல் கார்புரேட்டர்) இரட்டையாகவோ மூன்றாகவோ வாங்கினால் எல்லாவற்றிலும் வகை எண் ஒன்றாக இருக்க வேண்டும். 45 என்பது பொது. அதற்குப் பின்னால் வரும் எண் மாறினால் ப்ரோக்ரெஷன் துளைகள் (த்ராட்டில் திறக்கத் தொடங்கும்போது பெட்ரோல் தரும் சிறு துளைகள்) மாறும். ஜெட் எல்லாம் ஒரே அளவு போட்டாலும் ஐட்லிங்கிலிருந்து மெயின் ஜெட்டுக்கு ஏறும் இடத்தில் ஒன்று திணறும், மற்றொன்று ஓடும்.

பெரியதுதான் நல்லது என்ற நம்பிக்கை

கணக்கு எளிது. எஞ்சின் கொள்ளளவை லிட்டரில் எடுத்து, உச்ச ஆர்பிஎம்மால் பெருக்கி 56.6 ஆல் வகுத்தால் சிஎஃப்எம். 5.7 லிட்டர் எஞ்சின், 6000 ஆர்பிஎம்: 604. சாலையில் ஓடும் எஞ்சின் தன் கொள்ளளவில் 85 சதவீதம் நிரப்புகிறது என்று வைத்தால் 515க்குப் பக்கம். ஆக 600 தாராளம். இதன்மேல் 850 வைத்தால் குறைந்த வேகத்தில் வெஞ்சுரியில் (பேரலின் குறுகிய இடுப்பில்) காற்றின் வேகம் போதாமல் பெட்ரோல் சரியாக உறிஞ்சப்படாது. பெடலை அழுத்தியதும் ஒரு கணம் எஞ்சின் செத்துப் பிழைக்கும். எடை கூடிய, ஆட்டோமேட்டிக் கியர் வண்டிக்கு வேக்கும் செகண்டரியே ஒத்துப்போகும். டபுள் பம்பர் லேசான மேனுவல் வண்டிக்கு.

இரண்டு பேரல் கார்புரேட்டரின் எண்ணை நாலு பேரலோடு நேரடியாக ஒப்பிடுவது இன்னொரு பொறி. இரண்டு பேரலை 3 அங்குலப் பாதரச வேக்குமிலும், நாலு பேரலை 1.5 அங்குலத்திலும் அளந்து எண் கொடுக்கிறார்கள். எனவே 500 என்று எழுதிய இரண்டு பேரல், நாலு பேரல் கணக்கில் 350தான்.

சிலிண்டருக்கு ஒரு பேரல் என்று வைக்கும் டிசிஓஇக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அங்கே 45 என்பது பட்டர்ஃப்ளை (காற்றை மூடித் திறக்கும் வட்டத் தகடு) இருக்கும் துளையின் விட்டம், மில்லிமீட்டரில். எஞ்சினுக்கு முக்கியம் உள்ளே செருகிய வெஞ்சுரி. அது கழற்றி மாற்றக்கூடியது, அளவு அதன்மேலேயே இருக்கும். 36 வேண்டிய இடத்தில் 40 இருந்தால் வெஞ்சுரி வாங்கும் செலவையும் விலைபேசும்போது சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஷாஃப்ட்டை ஆட்டிப் பார்க்காதது

இதற்கு அரை நிமிடம் போதும், ஆனாலும் பலர் செய்வதில்லை. ஸ்ப்ரிங்கைக் கழற்றிவிட்டு, த்ராட்டிலைக் கொஞ்சம் திறந்து, லீவர் பக்க ஷாஃப்ட் முனையை இரண்டு விரலால் பிடித்து மேலும் கீழும் ஆட்டுங்கள். கையில் லேசாக உணரும் ஆட்டம் பரவாயில்லை. கண்ணுக்குத் தெரிந்தால், டக் டக்கென்று சத்தம் கேட்டால், அந்தத் துளை நீள்வட்டமாகிவிட்டது. லீவரும் ஸ்ப்ரிங்கும் இழுக்கும் பக்கம்தான் முதலில் தேயும். அந்த இடைவெளி வழியே கணக்கில் வராத காற்று உள்ளே போகும். மிக்ஸர் ஸ்க்ரூவை எப்படித் திருப்பினாலும் ஐட்லிங் நிலையாக இருக்காது, பெடலை விட்டதும் ஒவ்வொரு தடவையும் வேறு வேறு ஆர்பிஎம்மில் வந்து நிற்கும். இரண்டு பக்கத் துளையையும் ஒரே கோட்டில் ரீமர் போட்டுப் பித்தளை புஷ் இறக்கினால் சரியாகும். கோடு தப்பினால் ஷாஃப்ட் இறுகிவிடும், அதனால் இது மெஷின் ஷாப் வேலை.

டிசிஓஇயில் ஷாஃப்ட் பால் பேரிங்கில் ஓடுவதால் தேய்மானம் குறைவு. அங்கே கோளாறு வேறு: ஷாஃப்ட் முறுக்கிக்கொள்ளும். பட்டர்ஃப்ளையை மூடிவிட்டு வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். ஒரு பேரலில் மெல்லிய நிலாக் கீற்று தெரிந்து மற்றதில் முழு இருட்டாக இருந்தால் முறுக்கியிருக்கிறது.

எஸ்யூ கார்புரேட்டரில் ஷாஃப்ட்டோடு, காற்றுக்கேற்ப மேலும் கீழும் போகும் அதன் பிஸ்டனையும் பாருங்கள். பிஸ்டனும் மேல் அறையும் ஜோடியாக இழைத்தவை. ஒன்றின் அறையை இன்னொன்றின் பிஸ்டனோடு சேர்த்து விற்பார்கள். ஸ்ப்ரிங்கை எடுத்து, இரண்டையும் உலரத் துடைத்து, பிஸ்டனின் சிறு துளைகளை அடைத்து, டேம்பரை (பிஸ்டனின் வேகத்தைத் தணிக்கும் தண்டு) போட்டுத் தலைகீழாகப் பிடியுங்கள். ஒன்றரை அங்குல எச்எஸ்4இல் அறை தன் எடையில் இறங்க 5 முதல் 7 வினாடி ஆக வேண்டும். சட்டென்று விழுந்தால் ஜோடி தப்பு, அல்லது தேய்ந்துவிட்டது. நடுவில் உரசி நின்றால் உள்ளே அடிபட்டிருக்கிறது.

வெள்ளைப் பொடி, கோணல், கசிவு

ஹோலி, குவாட்ராஜெட் போன்ற துத்தநாகக் கலவைப் பாடிகளில் பழைய பெட்ரோலோடு தண்ணீர் தங்கினால் வெள்ளைப் பொடி பூக்கும். துடைத்த பிறகு அடியில் வழவழப்பு இருந்தால் கவலை இல்லை. குழி குழியாக இருந்தால் கண்ணில் படாத வழிகளிலும் அதே கதைதான். ஃப்ளோட் பௌலின் மூலையையும் ஜெட் இருக்கும் இடத்தையும் காட்டும் படம் தராமல் விற்பவரிடம் வாங்காதீர்கள்.

குவாட்ராஜெட்டின் அடியில், பெட்ரோல் கிணறுகளை மூடும் அடைப்புகள் கசிவது பேர்போன விஷயம். பௌலில் பெட்ரோல் நிரப்பிக் காகிதத்தின்மேல் இரவு முழுக்க வைத்தால் காலையில் ஈரம் காட்டிக்கொடுக்கும். முன்பக்க போல்ட்டுகளை வலுவாக முறுக்கிப் பாடியைக் கோணலாக்குவதும் இதில் சகஜம். இணையும் பரப்பில் ஸ்டீல் ஸ்கேலை வைத்து, 0.2 மி.மீ. ஃபீலர் தகடு தாராளமாக நுழைந்தால் கேஸ்கெட் காப்பாற்றாது.

டிரில் பட்டதா என்பதையும் பாருங்கள். பட்டர்ஃப்ளையில் சின்னத் துளை இருந்தால், பெரிய கேமுக்காக (வால்வுகளை அதிக நேரம் திறந்து வைக்கும் கேம்ஷாஃப்ட்) யாரோ போட்டது. புது பட்டர்ஃப்ளை போட்டு விடலாம். மெத்தனாலுக்கு மாற்றியது அப்படியல்ல. மெத்தனாலுக்குப் பெட்ரோலைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல் எரிபொருள் தேவை, அதனால் வழிகளையெல்லாம் பெரிதாக்கியிருப்பார்கள். அதை மறுபடி சுருக்க வழியில்லை. வெபர் ஜெட்டில் 130 என்று இருந்தால் 1.30 மி.மீ.; பின் கேஜ் விட்டுப் பார்த்தால் எண் உண்மையா என்று தெரிந்துவிடும்.

எல்லாம் தேறிய கார்புரேட்டரை மாட்டிவிட்டு ஓவர்ஃப்ளோ என்று திட்டுவதற்கு முன் பம்ப்பின் அழுத்தத்தை அளந்துகொள்ளுங்கள். ஹோலி 5 முதல் 7 பிஎஸ்ஐ தாங்கும். டிசிஓஇக்கு 3, மிஞ்சினால் 3.5. ஹோலிக்கு வைத்த பம்ப்பிலேயே வெபரை மாட்டினால் புது ஊசி போட்டும் பெட்ரோல் வழியும். நடுவில் ஒரு ரெகுலேட்டர் வேண்டும்.