மூன்று கம்ப்யூட்டரில் ஒன்று செத்தாலும் கணக்கு குழம்பாமல் இருக்க

மாரி தொடங்கினால் மட்டக்களப்பில் கரண்ட் எப்போது போகும், லைன் எப்போது அறும் என்று சொல்ல ஏலாது. எங்கள் அரிசிக் கடைகளுக்கு கல்லடியில் ஒன்று, கல்முனையில் ஒன்று என்று முதலில் இரண்டு கம்ப்யூட்டர்தான் வைத்தேன், மற்றது பேசாவிட்டால் அது செத்துவிட்டது, நீ தனியாகக் கணக்கை நடத்து என்று இரண்டுக்கும் சொல்லியும் வைத்தேன். லைன் அறுந்த ஒரு பின்னேரம் இரண்டும் உயிரோடு இருந்துகொண்டே ஒன்றுக்கொன்று அந்தியேட்டி செய்து முடித்துவிட்டன. கடைசிப் பத்து மூடை கீரிச்சம்பா இரண்டு பேருக்கு விற்றுப்போனது.

பதில் வரவில்லை என்பதை வைத்து மற்றது செத்ததா, தாமதமா என்று பிரித்தறிய முடியாது. செய்தி வந்து சேர எடுக்கும் நேரத்துக்கு எல்லையே இல்லை என்றால், ஒரேயொரு கம்ப்யூட்டர் விழக்கூடிய இடத்தில்கூட, குலுக்கல் கலக்காத, அதாவது எதையும் தற்செயலுக்கு விடாத, எந்த முறையும் முடிவுக்கு வந்தே தீரும் என்று உத்தரவாதம் தர முடியாது. பிஷர், லிஞ்ச், பேட்டர்சன் மூவரும் 1985இல் நிறுவிய விஷயம் இது. சரி, தாமதமானாலும் பரவாயில்லை, பிழையான முடிவு மட்டும் வேண்டாம் என்று வைத்துக்கொள்வோம்.

முதலில் மூன்றாவது கம்ப்யூட்டர் வாங்குங்கள். நான் அக்கரைப்பற்றில் வைத்தேன். ஒன்று விழுந்தால் தாங்க மூன்று, இரண்டு விழுந்தால் தாங்க ஐந்து. நான்கு வைப்பது வீண் செலவு, பெரும்பான்மைக்கு மூன்று வேண்டும், எனவே அதுவும் ஒன்றைத்தான் தாங்கும். எந்த இரண்டு பெரும்பான்மையை எடுத்தாலும் ஒரு கம்ப்யூட்டராவது இரண்டிலும் இருக்கும், எல்லாமே இதில்தான் நிற்கிறது.

அடுத்து ராஃப்ட் முறை (ஒங்காரோ, அவுஸ்டர்ஹவுட், 2014): கம்ப்யூட்டர்கள் வாக்குப் போட்டுத் தங்களுக்குள் ஒரு தலைவரைத் தெரிவுசெய்யும், கணக்கை அதுதான் நடத்தும். சொந்தமாக எழுதப் போகாதீர்கள், அந்த முறையில் ஓடும் எட்சிடி (etcd) என்ற மென்பொருளை எடுத்துப் போடுங்கள். ஒரு தேர்தலோடு தொடங்கும் காலம்தான் தவணை; ஒவ்வொரு தவணைக்கும் ஒரு எண், தவணைக்கு ஒருவருக்கு ஒரே வாக்கு, தன்னுடையதைவிடப் பழைய பதிவேடு வைத்திருப்பவருக்கு வாக்கில்லை. தலைவர் பில்லைத் தன் பதிவேட்டில் எழுதி மற்றவர்களுக்கு அனுப்பி, பெரும்பான்மையின் டிஸ்கில் அது ஏறிய பிறகுதான் விற்றதாகக் கணக்கு. வாக்கும் அப்படித்தான்: டிஸ்கில் எழுதிவிட்டுத்தான் வாயைத் திறக்க வேண்டும். இல்லாவிட்டால் கரண்ட் போய் வந்ததும் போட்ட வாக்கை மறந்து, அதே தவணையில் இன்னொருவருக்கும் போட்டுவிடும். டிஸ்கில் எழுதுவது மெதுவாக இருக்கிறதென்று அந்த செட்டிங்கை நிறுத்தி வைப்பவர்களை எனக்குத் தெரியும்.

தலைவரிடமிருந்து செய்தி வராவிட்டால் தேர்தலைத் தொடங்குமுன் காத்திருக்கும் நேரம், நாம் மாற்றாவிட்டால், எட்சிடியில் 1000 மில்லிசெக்கன்ட். செய்தி போய் வரும் நேரத்தைப் போல் பத்து மடங்காவது வையுங்கள், எங்கள் லைனுக்கு நான் கூட்டித்தான் வைத்தேன்.

அப்புறம் தலைவரின் பிளக்கைப் பிடுங்குங்கள். மற்ற இரண்டும் புதுத் தலைவரைத் தெரிவுசெய்து ஓட வேண்டும். இன்னொன்றையும் பிடுங்குங்கள், மிஞ்சியது பில் போட மறுக்க வேண்டும், போட்டால் எங்கேயோ பிழை. நான் சோதித்த அன்று கல்லடிக் கடை மறுத்துக்கொண்டு நின்றது. கொப்பியில் எழுதி விற்போமா என்று முதலாளி கேட்டார், அது பழைய கதைக்கே கொண்டுபோய் விடும் என்று சொல்லி, வந்தவரைத் தேத்தண்ணி குடித்துவிட்டு வரச் சொன்னோம்.