ரீகால் ஆன ஆஃப்-ரோடு வண்டியால் காயமா, தீயா? அமெரிக்காவில் இழப்பீடு கேட்பது எப்படி: முதல்முறை கேட்பவர்களுக்கு

அரிசோனாவில் இருக்கும் என் மைத்துனனின் சைடு-பை-சைடு வண்டி (பக்கத்துப் பக்கத்தில் இருக்கைகள் உள்ள, கரடுமுரடான பாதையில் ஓட்டும் நான்கு சக்கர வண்டி), பாலைவனத்தில் ஓடிக்கொண்டிருக்கும்போதே இருக்கைக்குப் பின்னாலிருந்து தீப்பிடித்தது. அவனும் அவன் மகனும் குதித்துத் தப்பித்தார்கள், அவனுக்கு முழங்கைக்குக் கீழே தீக்காயம். சில மாதம் கழித்து அதே மாடலை நிறுவனம் ரீகால் செய்ததும், அதாவது குறை இருக்கிறது என்று அறிவித்துத் திரும்ப அழைத்ததும், என்னைக் கூப்பிட்டான்: "மாமா, அவங்களே தப்புன்னு ஒத்துக்கிட்டாங்க, இனி கேஸ் போட்டா வந்துடும்ல?" வண்டி எங்கே என்று கேட்டேன். இன்சூரன்ஸ் பணம் கொடுத்துவிட்டு எரிந்த கூட்டை எடுத்துப் போய்விட்டது, அது ஏலத்தில் போய்ப் பழைய இரும்பாகிவிட்டது. இரண்டு வக்கீல்கள் பேசிப் பார்த்துவிட்டுக் கேஸை எடுக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள்.

அந்தக் கூடு மட்டும் இருந்திருந்தால்! அதனால்தான் இதை எழுதுகிறேன். நான் வக்கீல் இல்லை. அவனுக்காக அலைந்ததில் தெரிந்துகொண்டதை வரிசையாகச் சொல்கிறேன். எல்லாம் அமெரிக்கச் சட்டம். மோவாப், செடோனா, பிஸ்மோ மணல்மேடு என்று வாடகைக்கு எடுத்து ஓட்டுகிற நம்மவர்கள் நிறைய பேர் இருக்கிறார்கள், சொந்தமாக வாங்கியவர்களும் இருக்கிறார்கள், எல்லாருக்கும் இது பொருந்தும்.

படி 1: உங்கள் வண்டி ரீகாலில் இருக்கிறதா, சரியான இடத்தில் பாருங்கள்

கார் ரீகாலைப் பார்க்கிற பழக்கத்தில் நெடுஞ்சாலைப் பாதுகாப்புத் துறையின் தளத்தில் எண்ணைப் போட்டுப் பார்த்துவிட்டு "ஒன்றுமில்லை" என்று நிம்மதியாகிவிடாதீர்கள். ஏடிவி (பைக் மாதிரி கால் போட்டு உட்காரும் நான்கு சக்கர வண்டி), சைடு-பை-சைடு எல்லாம் சாலைக்கான வண்டிகள் இல்லை, நுகர்வுப் பொருள்கள். டோஸ்டரையும் தொட்டிலையும் கவனிக்கிற நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம்தான், அதாவது சிபிஎஸ்சிதான், இவற்றையும் கவனிக்கிறது. அதன் தளத்தில் மாடல் பெயரைத் தேடுங்கள், அப்புறம் தயாரிப்பு நிறுவனத்தின் தளத்தில் 17 எழுத்து-எண்கள் கொண்ட விஐஎன்னை, அதாவது வண்டியின் அடையாள எண்ணை, போட்டுப் பாருங்கள். அந்த எண் சட்டகத்தில் பொறித்திருக்கும், எந்த இடம் என்று கையேட்டில் படம் இருக்கும்.

ரீகால் அறிவிப்பு கிடைத்தால் முழுவதையும் பிடிஎஃப் ஆக இறக்கி வையுங்கள். எந்த ஆண்டு மாடல், என்ன கோளாறு, எத்தனை சம்பவம், என்ன தீர்வு என்று நான்கும் அதில் இருக்கும். உங்களுக்கு நடந்ததும் அதில் சொல்லியிருக்கும் கோளாறும் ஒன்றா என்பதுதான் பின்னால் பெரிய கேள்வியாக வரப்போகிறது. பிரேக்குக்காக ரீகால் ஆன வண்டி தீப்பிடித்தால் அந்த ரீகால் உங்களுக்கு அதிகம் உதவாது.

படி 2: ரீகால் என்றால் என்ன, என்ன இல்லை

2016 ஏப்ரலில் போலாரிஸ் நிறுவனம் 2013 முதல் 2016 வரையிலான ஆர்இசட்ஆர் 900, 1000 மாடல்களில் சுமார் 1,33,000 வண்டிகளை ரீகால் செய்தது. 160க்கும் மேற்பட்ட தீ விபத்துகள் பதிவாகியிருந்தன, கவிழ்ந்து தீப்பிடித்த ஒரு வண்டியில் பயணம் செய்த 15 வயதுப் பிள்ளை இறந்துபோயிருந்தது. ஆபத்து தெரிய வந்தால் 24 மணி நேரத்துக்குள் ஆணையத்திடம் சொல்ல வேண்டும் என்பது சட்டம். உடனடியாகச் சொல்லவில்லை என்ற குற்றச்சாட்டில் 2018 ஏப்ரலில் போலாரிஸ் 2 கோடியே 72.5 லட்சம் டாலர் அபராதம் கட்ட ஒப்புக்கொண்டது.

அந்த அபராதத்தில் ஒரு டாலர்கூட வண்டி எரிந்தவர்களுக்குப் போகாது, முழுவதும் அரசுக் கருவூலத்துக்குத்தான். இது பலருக்குத் தெரியாது. ரீகாலில் உங்களுக்குக் கிடைப்பது இலவசப் பழுதுபார்ப்பு, சில நேரம் மாற்று வண்டி அல்லது பணம் திரும்ப. மருத்துவச் செலவு, இழந்த சம்பளம், வலி, தழும்பு எதுவும் அதில் வராது, அதற்குத் தனியாகத்தான் போராட வேண்டும். ரீகால் அறிவிப்பைக் காட்டினாலே நீதிமன்றம் "ஆம், குறைபாடு" என்று எழுதிவிடாது. உங்கள் வண்டியில் அந்தக் குறை இருந்தது, அதனால்தான் உங்களுக்கு இது நடந்தது என்று நீங்கள் காட்ட வேண்டும்.

இன்னும் ஒன்றும் ஆகவில்லை, ரீகால் கடிதம் மட்டும்தான் வந்திருக்கிறது என்றால் வண்டியை நிறுத்திவிட்டு, டீலரிடம் கொண்டுபோய் வேலையை முடித்து, ரசீதை வாங்கிப் பத்திரமாக வையுங்கள். அந்த ரசீது முக்கியம். 2016 ரீகாலுக்கு அப்புறம், பழுது பார்த்த ஆர்இசட்ஆர்களிலும் சில முழுதாக எரிந்திருக்கின்றன என்று ஆணையமும் நிறுவனமும் சேர்ந்தே 2017 டிசம்பரில் அறிக்கை விட்டன. பழுது பார்த்தும் எரிந்தது என்பது ஒரு கதை, கடிதம் வந்தும் பார்க்காமல் ஓட்டினேன் என்பது வேறு கதை.

படி 3: வண்டியைத் தொடாதீர்கள், யாரையும் தொடவிடாதீர்கள்

விபத்து நடந்துவிட்டதா? இந்தப் படியை மட்டுமாவது இரண்டு தடவை படியுங்கள்.

எரிந்த வண்டி உங்கள் கண்ணுக்குக் கருகிய இரும்பு. தீ ஆய்வாளருக்கு அது ஒரு வரைபடம். எந்தப் பிளாஸ்டிக் முதலில் உருகியது, எரிபொருள் குழாயின் இணைப்பு எப்படி இருக்கிறது, புகைபோக்கியின் வெப்பத் தடுப்புத் தகடு கழன்றிருக்கிறதா, மின்கம்பியில் உருகிய முடிச்சு இருக்கிறதா என்று பார்த்துத் தீ எங்கே தொடங்கியது என்று சொல்ல அவர்களுக்கென்று ஒரு முறை இருக்கிறது. வண்டி போய்விட்டால், நீங்கள் சொல்வதும் நிறுவனம் சொல்வதும்தான் மிச்சம், அந்தப் போட்டியில் யார் ஜெயிப்பார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. கவிழ்ந்த வண்டியும் அப்படித்தான். டயர் காற்றழுத்தம், சஸ்பென்ஷன், சீட் பெல்ட்டின் பட்டையில் உடல் பாரம் இழுத்த தடம் எல்லாம் சாட்சி.

நகர்த்துவதற்கு முன்னால் எல்லாப் பக்கமும் போட்டோ, வீடியோ எடுங்கள். கழுவாதீர்கள். சாவியைப் போட்டு "ஓடுதா பார்ப்போம்" என்று பார்க்காதீர்கள், வண்டியின் கணினியில் இருக்கிற பதிவு மாறிப்போகலாம். கூரைக்குக் கீழே தார்ப்பாய் போட்டு மூடி வையுங்கள், கீழே விழுந்த துண்டுகளையும் சேர்த்து. ஹெல்மெட், கருகிய உடைகள் (உடையைக் காகிதப் பையில் போடுங்கள், பிளாஸ்டிக்கில் வேண்டாம்), ஹெல்மெட் கேமரா கார்டு, போனில் இருக்கும் ஜிபிஎஸ் தடம் எதையும் விடாதீர்கள்.

இப்போது இன்சூரன்ஸ். முழு நஷ்டம் என்று பணம் கொடுத்தால் வண்டி சட்டப்படி அவர்களுடையதாகிவிடும், சில நாட்களில் டிரக் வந்து நிற்கும். அதற்கு முன்பே எழுத்தில் ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். அதில் விஐஎன், உரிமைக்கோரல் எண், விபத்து தேதி, இந்த வண்டி குறைபாட்டு வழக்கில் சாட்சியம், எனவே விற்கவோ அழிக்கவோ பாகம் கழற்றவோ கூடாது என்ற வரி, கூட்டை நானே வைத்துக்கொள்ள எவ்வளவு கழிப்பீர்கள் என்ற கேள்வி இவ்வளவும் இருந்தால் போதும். கூட்டின் விலை கேட்டால் பெரும்பாலும் ஆச்சரியப்படும் அளவுக்குக் குறைவாக இருக்கும். கொடுத்துவிடுங்கள். என் மைத்துனனுக்கு இதை யாரும் சொல்லவில்லை, நானும் அப்போது சொல்லவில்லை.

வாடகை வண்டி என்றால் இதே கடிதத்தை வாடகைக் கடைக்கு அன்றைக்கே அனுப்புங்கள், அடுத்த வாரம் அந்த வண்டியைப் பழுது பார்த்து வேறு யாருக்காவது கொடுத்துவிடுவார்கள்.

இன்னொன்று. தயாரிப்பு நிறுவனமோ டீலரோ "நாங்கள் எடுத்துப்போய்ப் பார்த்துவிட்டுச் சொல்கிறோம்" என்று அன்பாகக் கேட்பார்கள். வேண்டாம். பார்க்கட்டும், ஆனால் உங்கள் இடத்தில், உங்கள் ஆளும் இருக்கும்போது, எதையும் கழற்றாமல். கழற்றிச் செய்ய வேண்டிய ஆய்வுக்கு எல்லாத் தரப்பும் முதலில் எழுத்தில் ஒப்புக்கொள்ள வேண்டும். இதே விதி உங்களுக்கும் உண்டு. நீங்களே பிரித்துப் பார்த்துவிட்டால் சாட்சியத்தைக் கெடுத்தீர்கள் என்று உங்கள் மீதே திருப்புவார்கள்.

படி 4: புகார் பதியுங்கள்

சிபிஎஸ்சிக்கு சேஃபர்ப்ராடக்ட்ஸ் டாட் கவ் என்ற தளம் 2011 முதல் இருக்கிறது. அங்கே பதிந்தால் அது நிறுவனத்துக்கும் போகும், பொதுமக்கள் பார்வைக்கும் வரும், உங்கள் பெயர் வெளியே வராது. நடந்ததை மட்டும் எழுதுங்கள்: தேதி, இடம், எத்தனை மைல் ஓடிய வண்டி, முதலில் என்ன பார்த்தீர்கள், என்ன வாசம் வந்தது. "எரிபொருள் பம்ப்தான் காரணம்" என்றெல்லாம் ஊகம் வேண்டாம், நாளைக்கு ஆய்வாளர் வேறு காரணம் சொன்னால் உங்கள் வார்த்தையையே உங்களுக்கு எதிராக வாசிப்பார்கள். ஃபேஸ்புக் பதிவுக்கும் இதேதான்.

மற்றவர்கள் பதிந்த புகார்களையும் அங்கேயே தேடிப் படியுங்கள். உங்கள் மாடலில் உங்களுக்கு நடந்த மாதிரியே முன்பு நடந்திருந்தால் அது நிறுவனத்துக்கு முன்பே தெரியும் என்பதற்கு வலுவான சாட்சி.

படி 5: உங்களுடையது எந்த வகைக் கேஸ்?

ஆள் காயப்பட்டால் அது தயாரிப்புப் பொறுப்பு வழக்கு. வடிவமைப்பிலேயே குறை, தயாரிப்பில் அந்த ஒரு வண்டிக்கு மட்டும் வந்த குறை, எச்சரிக்கை போதாது என்று மூன்று வழிகளில் வாதிடலாம். வாங்கியவர்தான் கேட்க வேண்டும் என்றில்லை. 1916இல் மரச் சக்கரம் உடைந்து காயப்பட்ட ஒருவர் பியூக் கார் நிறுவனத்தின் மீது தொடுத்த வழக்கில், நேரடியாக விற்காவிட்டாலும் தயாரிப்பாளர் பொறுப்பு என்று நியூயார்க் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பக்கத்து இருக்கையில் இருந்த நண்பரும் கேட்கலாம், வாடகைக்கு எடுத்தவரும் கேட்கலாம். வாடகைக் கடையில் கையெழுத்துப் போட்ட பொறுப்புத் துறப்புத் தாள் இருக்கிறதே என்று பயந்து விட்டுவிடாதீர்கள், அது முதன்மையாகக் கடையைக் காப்பாற்ற எழுதியது. வக்கீலிடம் காட்டுங்கள், அவர் படிக்கட்டும்.

வண்டி மட்டும் எரிந்தது, ஆளுக்கு ஒன்றுமில்லை என்றால் வழி குறுகும். பொருள் தன்னையே அழித்துக்கொண்டால் அது வாரண்டி விவகாரம் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1986இல் ஒரு கப்பல் வழக்கில் சொன்னது, பல மாநிலங்களும் அதே பாதையில் போகின்றன. அப்போது மாக்னுசன்-மாஸ் வாரண்டிச் சட்டம் கைகொடுக்கும், ஜெயித்தால் வக்கீல் கட்டணத்தையும் எதிர்த்தரப்பிடம் கேட்க முடியும். லெமன் சட்டத்தை (திரும்பத் திரும்பப் பழுதாகும் புது வண்டியை நிறுவனமே திரும்ப எடுக்க வைக்கும் மாநிலச் சட்டம்) நம்பி இருக்காதீர்கள். உதாரணமாக கலிஃபோர்னியாவின் புதுக் கார்களுக்கான விதி, சாலைக்கு வெளியே மட்டும் ஓடுகிற பதிவில்லாத வண்டிகளை விலக்கிவைக்கிறது. தொகை சின்னது என்றால் சிறு உரிமைக்கோரல் நீதிமன்றம் ஒரு நல்ல வழி, டெக்சஸில் 20,000 டாலர் வரை கேட்கலாம்.

ஒன்றுமே ஆகவில்லை, ஆனால் மறுவிற்பனை விலை விழுந்துவிட்டது என்பவர்கள் குழு வழக்கைத்தான், அதாவது பாதிக்கப்பட்ட எல்லாருக்காகவும் சேர்த்துப் போடும் ஒரே வழக்கைத்தான், நம்பியிருப்பார்கள். அது கடினம். போலாரிஸின் ஸ்போர்ட்ஸ்மேன் ஏடிவிகள் அளவுக்கு மீறிச் சூடாகின்றன என்று போட்ட வழக்கைக் குழு வழக்காக நடத்த அனுமதிக்காததை எட்டாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் 2021இல் உறுதி செய்தது. அதனால் காயம் பட்டவர்கள் "எப்படியும் குழு வழக்கு வரும்" என்று காத்திருக்கவே கூடாது. யமஹா ரைனோ வண்டிகள் கவிழ்ந்த காயக் கேஸ்களைக்கூட கென்டக்கியில் ஒரே நீதிபதியிடம் சேர்த்தார்களே தவிர, ஒவ்வொருவர் கேஸும் தனித்தனிதான்.

படி 6: கெடு தேதியை இன்றைக்கே காலண்டரில் எழுதுங்கள்

இந்தக் கெடுவுக்குள் வழக்குப் போட்டாக வேண்டும். காயத்துக்குக் கலிஃபோர்னியா, டெக்சஸ், அரிசோனாவில் 2 ஆண்டு, நியூயார்க்கில் 3, டென்னசியில் ஒரே ஓராண்டு. வாரண்டிக்குப் பொதுவாக வண்டி கையில் வந்த நாளிலிருந்து 4 ஆண்டு. ரீகால் அறிவித்த நாளிலிருந்து எண்ணலாம் என்று பலர் நினைக்கிறார்கள், பெரும்பாலும் விபத்து நாளிலிருந்துதான் எண்ணுவார்கள். பழைய வண்டி என்றால் இன்னொரு பூட்டும் உண்டு: விற்று இத்தனை ஆண்டு ஆனால் வழக்கே கூடாது என்று சில மாநிலங்களில் இருக்கிறது, டெக்சஸில் 15 ஆண்டு, டென்னசியில் 10.

படி 7: வக்கீலைப் பார்ப்பது

தெரிந்த இமிக்ரேஷன் வக்கீலிடமோ சாதாரணக் கார் விபத்து வக்கீலிடமோ கொடுக்காதீர்கள். தயாரிப்புப் பொறுப்பு வழக்கு நடத்தியவர் வேண்டும். முதல் சந்திப்பு பெரும்பாலும் இலவசம். ஜெயித்தால் மூன்றில் ஒரு பங்கு முதல் 40 சதவீதம் வரை கட்டணம் எடுப்பார்கள். நிபுணர் செலவு அதற்கு மேல், அதனால் "தோற்றால் அந்தச் செலவு யார் தலையில்?" என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள். சைடு-பை-சைடு கேஸ் இதற்கு முன் எடுத்திருக்கிறீர்களா, தீ ஆய்வாளரை எப்போது அனுப்புவீர்கள் என்றும் கேளுங்கள். வாங்கும்போது போட்ட ஒப்பந்தத்தையும் எடுத்துப்போங்கள், நீதிமன்றத்துக்குப் போகாமல் நடுவர் மன்றத்துக்குத்தான் போக வேண்டும் என்று ஒரு வரி அதில் ஒளிந்திருக்கலாம்.

எதிர்த்தரப்பு கேட்கப்போகும் எல்லாவற்றையும் அவரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். பெல்ட் போட்டிருந்தீர்களா, ஹெல்மெட் இருந்ததா, பீர் குடித்தீர்களா, வேறு எக்ஸாஸ்ட், வண்டியை உயர்த்தும் லிஃப்ட் கிட், பெரிய டயர் மாட்டினீர்களா, ரீகால் கடிதம் வந்தும் விட்டீர்களா. பெரும்பாலான மாநிலங்களில் உங்கள் பங்குத் தவறுக்கு ஏற்ப இழப்பீடு குறையும், வட கரோலைனாவில் சிறிது தவறு இருந்தாலே மொத்தமும் போகக்கூடும். மறைத்து வைத்தது நடுவில் வெளிவந்தால்தான் பெரிய சேதம்.

படி 8: கையெழுத்துப் போடும் முன்

டீலர் தள்ளுபடிக் கூப்பன் கொடுத்தால்கூடக் கூடவே வரும் தாளைப் படியுங்கள், "எல்லா உரிமைகோரல்களையும் கைவிடுகிறேன்" என்றிருந்தால் போடாதீர்கள். சமரசத் தொகை வரும்போது இன்னொரு ஆளும் வரிசையில் நிற்பார்: உங்கள் மருத்துவக் காப்பீடு. ஆஸ்பத்திரிக்கு அவர்கள் கட்டியதை உங்கள் இழப்பீட்டிலிருந்து திரும்பக் கேட்பார்கள். ஐடி கம்பெனிகளில் வேலை பார்க்கும் நம்மவர்கள் பலருக்கு நிறுவனமே பணம் போட்டு நடத்தும் காப்பீடு இருக்கும், அந்தத் திட்டத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2013இல் சொல்லியிருக்கிறது. அதனால் திட்டத்தின் முழு ஆவணத்தையும் எச்ஆரிடம் இப்போதே கேட்டு வாங்குங்கள், சுருக்கத் தாளை அல்ல. வக்கீல் கட்டணம், செலவு, காப்பீட்டுக்குத் திரும்பக் கொடுப்பது மூன்றும் போக உங்கள் கைக்கு எவ்வளவு என்று ஒரே தாளில் எழுதித் தரச் சொல்லி, அதைப் பார்த்த பிறகு கையெழுத்துப் போடுங்கள்.