தச்சராக வாழ்ந்த தந்தைக்கு நினைவு மலர் தயாரிக்கும் முறை

பதினாறாம் நாள் காரியத்துக்கு அச்சிடப்படும் நினைவு மலர்கள் எங்கள் பக்கத்தில் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கின்றன. மாலையிட்ட படம், தோற்றம், மறைவு, தேவாரப் பதிகம் ஒன்று, இறுதியில் மக்கள், மருமக்கள், பேரப்பிள்ளைகள் பெயர்ப்பட்டியல். எழுபது ஆண்டுகளுக்கு மேல் தச்சு வேலை செய்து, தொண்ணூறாவது வயதில் என் தந்தை காலமானபோது, அந்த வடிவத்துக்குள் அவரைக் காண முடியவில்லை. ஆகவே அவசரப்படாமல், தலைத்திவசத்துக்குள் ஒரு மலரை ஆயத்தம் செய்வதென்று உடன்பிறந்தோர் முடிவு செய்தோம். அந்த ஓராண்டில் கற்றுக்கொண்டதை, இதே கடமையை மேற்கொள்ளும் குடும்பங்களுக்காக எழுதுகிறேன்.

முதலில் அவர் செய்த பொருள்களைத் தேடிப் போங்கள். தச்சரின் வேலை ஊரெல்லாம் சிதறிக் கிடக்கிறது: ஒரு வீட்டில் நிலைவாசல், இன்னொரு வீட்டில் ஊஞ்சல், மற்றொன்றில் மூன்று தலைமுறை கண்ட தொட்டில். ஒவ்வொன்றையும் படம் எடுத்து, என்ன மரம், யார் செய்யச் சொன்னார்கள், எந்தச் சுபகாரியத்துக்காக என்று அங்கேயே எழுதிக்கொள்ளுங்கள். செதுக்கு வேலை உள்ள கதவை நேருக்கு நேர் வெளிச்சத்தில் எடுத்தால் பூவும் கொடியும் தட்டையாகத் தெரியும். காலையிலோ மாலையிலோ வெயில் பக்கவாட்டில் விழும்போது எடுத்தால்தான் உளி இறங்கிய ஆழம் படத்தில் வரும்.

பொருளின் பின்பக்கத்தையும் கட்டாயம் பாருங்கள், ஏனெனில் தச்சர் தமக்காக எழுதிக்கொண்டது அங்கேதான் இருக்கும். துளையையும் அதில் நுழையும் நாக்கையும் இணை மாறாமல் சேர்ப்பதற்கு உளியால் வெட்டிய ஒற்றைக்கோடு, இரட்டைக்கோடு அடையாளங்களைப் பல சட்டங்களில் காணலாம். பக்கத்து ஊரில் ஒரு வீட்டின் பூஜை அறைக் கதவைச் சுண்ணாம்பு அடிப்பதற்காகக் கழற்றியிருந்தார்கள். அதன் மேல்சட்டத்தின் உட்புறத்தில், இழைப்புளி படாத சொரசொரப்பான பகுதியில், "மேலே 3 நூல் குறை" என்று என் தந்தையின் கையெழுத்து பென்சிலில் இருந்தது. ஓர் அங்குலத்தை எட்டாகப் பிரித்து அதில் ஒரு பங்கை ஒரு நூல் என்பது தச்சர் வழக்கு. நாற்பது ஆண்டுகளுக்கு முன் அவர் தமக்கே இட்ட அந்தக் கட்டளையைத்தான் எங்கள் மலரின் முதல் படமாக வைத்தோம்.

அடுத்தது காலக்கணக்கு. பெரியவர்களிடம் "எந்த வருஷம்?" என்று கேட்டால் பெரும்பாலும் விடை கிடைக்காது, "அப்போது வேறு என்ன நடந்தது?" என்று கேட்க வேண்டும். தனுஷ்கோடியைக் கடல் கொண்ட புயலுக்குப் பிறகு என்றால் 1964 டிசம்பருக்குப் பின். அண்ணா இறந்த சமயம் என்றால் 1969 பிப்ரவரி. எம்.ஜி.ஆர். மறைந்தபோது பாதி வேலையில் நின்ற வீடு என்றால் 1987 கடைசி. கூலியும் காலத்தைச் சொல்லும். நாலணா, எட்டணா என்னும் சொற்கள் பிற்காலம் வரை வழங்கின. ஆனால் ஐந்தணா, ஏழணா என்று ஒருவர் கூலி சொன்னால், அது 1957 ஏப்ரலில் நயா பைசா வருவதற்கு முந்தைய காலமாகவோ அதை ஒட்டிய காலமாகவோ இருக்க வாய்ப்பு அதிகம். விலங்குத் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் எடுக்கும் வச்சிரப் பசையை அடுப்பில் காய்ச்சிய நாற்றத்தை யாராவது நினைவுகூர்ந்தால், டப்பாவில் வரும் வெள்ளைப் பசை பட்டறைக்குள் நுழைவதற்கு முந்தைய வேலை அது என்று கொள்ளலாம்.

கருவிகளைத் துலக்கிப் பளபளப்பாக்கி விடாதீர்கள் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். துருவை மெல்லிய துணியால் துடைத்து, இரும்பின்மேல் லேசாக எண்ணெய் தடவினால் போதும். கைப்பிடியை உப்புத்தாளால் தேய்த்தால், பல ஆண்டுக் கைவியர்வையில் ஏறிய நிறமும் கட்டைவிரல் பதிந்த பள்ளமும் ஒரு மணி நேரத்தில் அழிந்துபோகும். தீட்டித் தீட்டிக் குட்டையான உளியை, அதே அளவில் புதிதாக வாங்கிய உளிக்குப் பக்கத்தில் வைத்துப் படம் எடுங்கள். குறைந்துபோன நீளம் அவர் உழைத்த காலத்தைக் கண்ணுக்குக் காட்டும். கொட்டாப்புளி, இழைப்புளி, மூலைமட்டம், ரசமட்டம், வாய்ச்சி எல்லாவற்றையும் அவர் வாயால் சொன்ன பெயரிலேயே குறியுங்கள், அச்சகத்தார் திருத்த வந்தாலும் இடம் கொடுக்காதீர்கள். அவர் பெயரோடு ஆசாரி என்று போடுவதா, தச்சர் என்று போடுவதா என்னும் கேள்வி எழுந்தால், அவர் கையெழுத்திட்ட விதமே முடிவு.

அவரிடம் தொழில் பழகியவர்களைச் சந்திப்பதுதான் இந்த வேலையின் இதயம். அதற்கு அதிக நாள் ஒதுக்குங்கள். "அவர் எப்படிப்பட்டவர்?" என்று கேட்டால், தங்கமான மனிதர் என்பதோடு பேச்சு முடிந்துவிடும். "முதன்முதலில் எதற்காகத் திட்டு வாங்கினீர்கள்?" என்று கேளுங்கள். இன்று அறுபது வயதைக் கடந்த ஒருவர், உளியை வாய்ப்பகுதி தரையில் படும்படி வைத்ததற்காக அன்று முழுவதும் தம்மை வேலையைத் தொடவிடவில்லை என்றும், மாலையில் அப்பாவே கூப்பிட்டுத் தம் தட்டுக்குப் பக்கத்தில் உட்காரவைத்துச் சோறு போட்டார் என்றும் சொன்னார். சொல்லும்போது அந்த உளியை எப்படி வைத்திருந்தார் என்று கையால் காட்டினார். இத்தகைய பேச்சைக் கைப்பேசியில் பதிவு செய்து, அவர்களின் சொல் மாறாமல் அச்சிடுங்கள்.

தவறிய வேலையையும் மறைக்காதீர்கள். எங்கள் தந்தை ஒருமுறை அவசரத்துக்கு இணங்கி, சரியாகக் காயாத மரத்தில் கதவு செய்து கொடுத்தார். அடுத்த கோடையில் அது கோணிக்கொண்டு நிலையில் உட்கார மறுத்தது. அவரே வண்டி வைத்து அதை எடுத்து வந்து, கூலி வாங்காமல் வேறு கதவு செய்து மாட்டினார். இதை எழுதலாமா என்று வீட்டில் தயங்கினோம். மலரைப் படித்தவர்கள் அதிகம் பேசியது இந்தப் பக்கத்தைப் பற்றித்தான். ஆனால் கணக்கு நோட்டில் பாக்கி வைத்தவர்கள் பெயர் இருந்தால் அதை அச்சேற்ற வேண்டாம். அவர் கேட்காமல் விட்டதை நாம் கேட்பது முறையல்ல.

குடும்பத்தைப் பற்றிய பகுதியை அம்மா உயிரோடு இருந்தால் அவரையே சொல்லச் சொல்லுங்கள். எங்கள் அம்மா ஒரே அமர்வில் சொல்லவில்லை. கீரை ஆய்ந்துகொண்டும் விளக்குத் திரி திரித்துக்கொண்டும் ஒன்றரை மாதத்தில் சொன்னார். ஊருக்கெல்லாம் நிலை வைத்து, வேட்டி துண்டு மரியாதை பெற்று வந்தவர், சொந்த வீட்டுச் சமையலறைக்கு ஒன்பது ஆண்டுகள் கதவு போடாமல் சாக்குப்படுதா தொங்கவிட்டிருந்ததையும், பேரக்குழந்தைகள் ஒவ்வொருவருக்கும் சக்கரத்தை மட்டும் மாற்றி ஒரே நடைவண்டியைக் கொடுத்ததையும் அம்மாவிடமிருந்தே அறிந்தோம்.

அச்சு விஷயத்தில் சொல்லச் சிலவே உண்டு. பழைய படங்களை லேமினேட் செய்யாமல், ஒட்டுநாடா ஒட்டாமல், 600 டிபிஐ (அங்குலத்துக்கு 600 புள்ளி) அளவில் ஸ்கேன் செய்யுங்கள். குழுவாக நிற்கும் படங்களுக்கு இடமிருந்து வலமாகப் பெயர் எழுதுங்கள். நடுவில் தைக்கும் புத்தகமானால் பக்கங்கள் நான்கின் மடங்காக வரவேண்டும்.

கடைசி நான்கு பக்கங்களைக் கோடு மட்டும் போட்டு வெறுமையாக விடுங்கள். மலர் கையில் கிடைத்த பிறகுதான் பலருக்கு நினைவு திரும்பும். எங்கள் வீட்டுப் பிரதியில் இதுவரை ஏழு பேர் எழுதியிருக்கிறார்கள். அவர்களில் ஒருவர், தம் வீட்டு அரிசிப்பெட்டியும் அப்பா செய்ததுதான் என்றும், அதன் மூடியைத் திருப்பிப் பார்க்க வரும்படியும் எழுதி, பேருந்து நிறுத்தத்திலிருந்து வழியையும் குறித்துவைத்துச் சென்றிருக்கிறார்.