அதே மை, அதே பொட்டு: எங்கே தவறுகிறோம்?

"என்னக்கா, ராத்திரி தூங்கலையா?" என்று பக்கத்து சீட்டுப் பெண் கேட்டாள். நான் நன்றாக எட்டு மணி நேரம் தூங்கி எழுந்து வந்திருந்தேன். அதே வாரத்தில் இன்னும் இரண்டு பேர் இதையே கேட்டார்கள். சனிக்கிழமை மத்தியானம் கைக்கண்ணாடியைச் சன்னலோரம் எடுத்துப்போய்ப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. கல்லூரிக் காலத்திலிருந்து கீழ் இமையில் அழுத்தி இழுக்கிற அதே மை, கண்ணடியில் புதிதாக விழுந்திருந்த சுருக்கங்களுக்குள் இறங்கி உட்கார்ந்திருந்தது. அந்தக் கருவளையம் நானே தினமும் வரைந்துகொண்டு போனது.

ஒருவருக்கென்று ஓர் அலங்காரம் அமைந்துவிடுவது நல்லதுதான். எம்.எஸ். சுப்புலட்சுமி என்றதும் இரண்டு பக்க மூக்குத்தியும் நெற்றிக் குங்குமமும் தலை நிறையப் பூவும் கண்முன் வரும். அவர் உடுத்திய பட்டின் நீலத்துக்கே எம்.எஸ். ப்ளூ என்று பெயர் வந்துவிட்டது. நமக்கு அவ்வளவு புகழ் வேண்டாம். காலையில் யோசிக்காமல் ஐந்து நிமிடத்தில் கிளம்ப முடிகிறதே, அதுவே பெரிய லாபம். ஆனால் கை பழக்கத்தில் ஓடுவதால் முகம் மாறியதை நாம் கவனிப்பதில்லை.

முதல் தவறு, மை, பொட்டு, லிப்ஸ்டிக், பவுடர் எல்லாம் சேர்ந்ததுதான் நம் அடையாளம் என்று நினைப்பது. அப்படி இல்லை. எதைப் போடாமல் போனால் "உடம்பு சரியில்லையா?" என்று கேட்கிறார்களோ, அது ஒன்றுதான் அடையாளம். எனக்குக் கண். அதனால் மையை நான் விடவில்லை, இடத்தைத்தான் மாற்றினேன். பென்சில் மையில் இருப்பது மெழுகும் எண்ணெயும். நம் ஊர் வெயிலில், வியர்வையில் அது இளகிக் கீழே இறங்கத்தான் செய்யும். இப்போது மேல் இமையில், முடி முளைக்கிற வேரை ஒட்டி மெல்லிய கோடு. கீழே வெளி ஓரத்தில் மட்டும் பழுப்பு நிறத்தில் ஒரு தொடல், அதுவும் கண்ணடி எண்ணெயை டிஷ்யூவால் ஒற்றி எடுத்த பிறகு.

கோட்டுக்கு வால் நீட்டுகிறவர்களுக்கு ஒன்று. அறுபதுகளின் சினிமாவில் சரோஜாதேவி கண்ணில் பார்த்தோமே, அந்த வால். இமை கொஞ்சம் தளர்ந்த பிறகு கண்ணை மூடிக்கொண்டு வரைந்தால், திறக்கும்போது கோடு மடிப்புக்குள் போய் ஒடிந்து நிற்கும். நேராகக் கண்ணாடியைப் பார்த்து, கண் திறந்தபடியே வால் முடியும் இடத்தில் ஒரு புள்ளி வையுங்கள். அப்புறம் கண்ணை மூடி அதோடு சேர்த்தால் போதும்.

மூக்குக்கண்ணாடி வந்ததும் கணக்கு இன்னும் மாறும். மைனஸ் பவர் கண்ணைச் சின்னதாகக் காட்டும். அதோடு சுற்றிலும் கறுப்பு அப்பினால் கண்ணே காணாமல் போகும். வெள்ளெழுத்துக்குப் போடுகிற ப்ளஸ் பவர் கண்ணைப் பெரிதாக்கும், ஒரு சின்னத் தீற்றலையும் சேர்த்துத்தான். புருவத்துக்கும் ஒரு வார்த்தை: தலை நரைக்கத் தொடங்கிய பின்னும் கரிக்கறுப்புப் பென்சில் தீட்டினால் முகம் கோபமாகத் தெரியும். அடர் பழுப்பு போதும்.

இதற்கு நேர் எதிர்த் தவறு, எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றுவது, அதுவும் கல்யாண வீட்டன்று. அண்ணன் மகள் ரிசெப்ஷனுக்கு ஒரு பார்லரில் என் முகத்தைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்தேன். என் நிறத்தைவிட இரண்டு படி வெளுத்த ஃபவுண்டேஷன், மேலே பளிங்கு மாதிரி ஒரு பவுடர். நேரில் சுமாராக இருந்தது. ஆல்பத்தில் முகம் மட்டும் மாவில் விழுந்து எழுந்தது போல இருக்கிறது, கழுத்து என்னுடையது. சிலிக்கா கலந்த சில பவுடர்கள் ஃப்ளாஷ் வெளிச்சத்தை அப்படித் திருப்பி அடிக்கும். புதிதாக ஒன்றைப் போடுவதென்றால் வாரத்துக்கு ஒன்று, சாதாரண நாளில். ஃபவுண்டேஷனைக் கைமேல் தடவிப் பார்த்து வாங்காதீர்கள். தாடையோரம் தடவி, கடைக்கு வெளியே வந்து, கால் மணி நேரம் கழித்துப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். காய்ந்ததும் ஒரு படி கறுக்கிற வகைகள் நிறைய உண்டு.

"இந்த வயசில் லிப்ஸ்டிக்கா?" என்று யாராவது கேட்பதற்காக மாற்றாதீர்கள். அது அவர்கள் பிரச்சினை.

பழசைக் கட்டிக்கொண்டு இருப்பதும் ஒரு தவறு. டப்பா மேல் மூடி திறந்த ஜாடி போல ஒரு குட்டிப் படமும் 6 அல்லது 12 என்ற எண்ணும் இருக்கும். திறந்த பிறகு அத்தனை மாதம் வரைதான் அது நல்லது என்று பொருள். மஸ்காராவுக்கு மூன்று மாதம், அவ்வளவுதான். லேபிள் இல்லாத சுர்மா, மை வகைகள் சிலவற்றில் ஈயம் இருக்கும்; அதைப் பாட்டி காலத்துப் பழக்கம் என்று குழந்தை கண்ணில் இடவே இடாதீர்கள்.

எல்லாவற்றையும்விட மோசமானது, தோல் வேண்டாம் என்று சொன்ன பிறகும் விடாமல் இருப்பது. அம்மா முப்பது வருடமாக ஸ்டிக்கர் பொட்டு. ஒரு நாள் பொட்டை எடுத்தால் அதே இடத்தில், அதே வட்டத்தில், வெளிறிய ஒரு பொட்டு. எல்லாரும் செய்வதையே அவளும் செய்தாள்: ஒரு சைஸ் பெரிய ஸ்டிக்கர் வாங்கினாள். வெள்ளை வட்டமும் கூடவே வளர்ந்தது. ஸ்டிக்கர் பசையில் இருக்கும் பாரா டெர்ஷியரி பியூட்டைல்ஃபீனால் என்ற ரசாயனம் சிலருக்குத் தோலின் நிறமிச் செல்களைக் கெடுத்துவிடும். வேறு கம்பெனிப் பொட்டுக்கு மாறினாலும் பசை அதே வகையாக இருக்கலாம். அரிப்போ வெளுப்போ தெரிந்த அன்றே நிறுத்திவிட்டுத் தோல் மருத்துவரைப் பார்ப்பதுதான் வழி.

டாக்டர் நெற்றியில் எதுவும் வைக்கக் கூடாது என்றார். அப்பா குத்துக்கல்லாக உட்கார்ந்திருக்கும்போது வெறும் நெற்றியோடு எப்படி வெளியே போவது என்று அம்மாவுக்கு ஒரே அழுகை. கடைசியில் வகிட்டில் மட்டும் ஒரு துளி குங்குமம் வைத்துக்கொண்டு கோயிலுக்குப் போனாள். பூக்காரம்மா நிமிர்ந்து பார்த்து, "புதுசா இருக்கே, லட்சணமா இருக்கு" என்றாளாம். அன்று ராத்திரி போனில் அம்மா அதை மூன்று தடவை சொன்னாள்.